விகித சமம் வழியாக விழுக்காட்டுக் கணக்குகளைத் தீர்த்தல்

விழுக்காடு என்பது ஓர் அளவை நூறாகக் கொண்டால் அதில் மற்றோர் அளவு எத்தனை என்று கூறும் விகிதம் ஆகும். சதவீதம், சதவிகிதம் என்ற சொற்களும் இதையே குறிக்கும். இரண்டு விகிதங்கள் ஒன்றுக்கொன்று சமம் என்று கூறுவது விகித சமம் எனப்படும். விழுக்காடே ஒரு விகிதமாக இருப்பதால், விழுக்காடு வரும் எந்த வாக்கியக் கணக்கையும் ஒரு விகித சமமாக எழுதித் தீர்க்கலாம்.

பகுதியைக் காண ஒரு சூத்திரம், முழுமையைக் காண ஒன்று, விழுக்காட்டைக் காண மற்றொன்று என மூன்றை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் பலர். தேர்வறையில் எதை எங்கே இடுவது என்ற குழப்பம் அவர்களுக்கே மிகுதி. விகித சமத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. அதன்பின் எஞ்சுவது ஒரே கேள்வி: கணக்கில் உள்ள எந்த அளவு நூறுக்கு நேராக நிற்கிறது? பெருக்கலிலும் வகுத்தலிலும் நேரும் பிழைகளை விட, இக்கேள்வியைக் கேளாமல் விடுவதால் நேரும் பிழைகளே அதிகம்.

காஞ்சிபுரத்தின் பட்டு நெசவுத் தொழிலில் இக்கேள்வி நாள்தோறும் எழுகிறது. சரிகையில் வெள்ளி எவ்வளவு, பட்டை வேகவைத்தால் எடை எவ்வளவு குறையும், கூலியில் பிடித்தம் எவ்வளவு, சேலையில் தள்ளுபடி எவ்வளவு என்று எல்லாமே நூற்றுக் கணக்கில் பேசப்படுகின்றன. ஆகவே இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் அத்தொழிலிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

அடிப்படை முறை

ஒரு விழுக்காட்டுக் கணக்கில் மூன்று செய்திகள் உண்டு: முழுமை, அதன் பகுதி, விழுக்காடு. இவற்றுள் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் காணலாம். விகித சமத்தை இவ்வாறு எழுத வேண்டும்:

100 : விழுக்காடு = முழுமை : பகுதி

தெரியாத இடத்தில் 'அ' என்று எழுதிக்கொள்ளலாம். விகித சமத்தில் ஓரங்களில் உள்ள இரண்டு எண்களின் பெருக்கற்பலன், நடுவில் உள்ள இரண்டு எண்களின் பெருக்கற்பலனுக்குச் சமம். இதையே குறுக்குப் பெருக்கல் என்கிறோம். இது வெறும் தந்திரம் அன்று. 40/100 என்ற பின்னமும் அ/242 என்ற பின்னமும் சமம் என்றால், இருபுறமும் 100 ஆலும் 242 ஆலும் பெருக்கினாலும் சமமாகவே இருக்கும். அப்போது பகுதிகள் நீங்கி 40 × 242 = 100 × அ என்று நிற்கிறது. காரணம் தெரிந்த மாணவர், எண்ணை இடம் மாற்றி எழுதிவிட்டாலும் தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வார்.

நூறுக்கு நேரானதைக் கண்டறிதல்

தமிழில் எழுதப்பட்ட கணக்கில் இதற்கு வாக்கியமே வழி காட்டும். 'இல்' உருபு ஏற்று நிற்கும் சொல் பெரும்பாலும் முழுமையைக் குறிக்கும். "கூலியில் 8% பிடித்தம்" என்றால் கூலி 100. "சரிகையில் 40% வெள்ளி" என்றால் சரிகை 100. ஒப்பிட்டுச் சொல்லும்போது 'விட' என்ற சொல்லுக்கு முன் நிற்பது 100 ஆகும். "சென்ற ஆண்டை விட இந்த ஆண்டு விற்பனை 10% கூடுதல்" என்றால் சென்ற ஆண்டின் விற்பனை 100, இந்த ஆண்டினது 110.

எச்சரிக்கை தேவைப்படும் சொற்களும் உண்டு. 'போக', 'கழித்து', 'உட்பட', 'சேர்த்து' ஆகியவை வந்தால் அங்கே கொடுக்கப்பட்ட எண் 100க்கு நேரானது அன்று. "8% பிடித்தம் போகக் கையில் கிடைத்தது" என்றால் அந்தத் தொகை 92க்கு நேரானது. "5% வரி உட்பட விலை" என்றால் அந்த விலை 105க்கு நேரானது. இந்த நான்கு சொற்களின் கீழ் கோடிட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்கும் பழக்கம் பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

சரிகையில் வெள்ளியும் தங்கமும்

காஞ்சிபுரம் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மதிப்பில் பெரும் பங்கு சரிகைக்கு உரியது. பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் பூசுவதே சரிகை. வெள்ளியோடு செம்பும் கலந்திருக்கும். உள்ளிருக்கும் பட்டு நூல் சிவப்பாக இருப்பதால், சரிகையைச் சுரண்டிச் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கும் வழக்கம் வாங்குவோரிடம் உண்டு. அது உள்ளிழையின் நிறத்தைக் காட்டும். வெள்ளி எத்தனை விழுக்காடு என்று காட்டாது.

சரிகையின் கலவை அளவு காலந்தோறும் மாறி வந்துள்ளது. அண்மைக் காலத்தில் கூட்டுறவுச் சங்கச் சேலைகளுக்குச் சொல்லப்படும் அளவு வெள்ளி 40%, செம்பு 35.5%, பட்டு 24%, தங்கம் 0.5% என்பதாகும். நான்கையும் கூட்டினால் 100 வருகிறது. கூட்டிப் பார்ப்பதே முதல் சரிபார்ப்பு. சரிகை 'மார்க்' என்ற அளவில் விற்கப்படுகிறது. ஒரு மார்க் சுமார் 242 கிராம். அதில் வெள்ளி எவ்வளவு?

100 : 40 = 242 : அ
100 × அ = 40 × 242 = 9,680
அ = 96.8 கிராம்

இதே போலத் தங்கம் 100 : 0.5 = 242 : அ என்ற விகித சமத்தால் 1.21 கிராம் ஆகிறது. செம்பு 85.91 கிராம், பட்டு 58.08 கிராம். நான்கு எடைகளையும் கூட்டினால் மீண்டும் 242 கிராம் வர வேண்டும், வருகிறது. கணக்கைத் தொடங்குமுன் மனத்தால் ஒரு மதிப்பீடு செய்துகொள்வதும் நல்லது. 40% என்பது பாதிக்குக் குறைவு. ஆகவே விடை 121 கிராமுக்குக் கீழ்தான் இருக்க முடியும். 0.5% என்பதை 5% என்று எடுத்துக்கொண்டவருக்கு 12 கிராம் தங்கம் வரும். ஒரு மார்க் சரிகையில் ஒன்றரைப் பவுன் தங்கம் இருக்குமா என்று ஒரு நொடி யோசித்தாலே பிழை தெரிந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 0.5% தங்கம் என்பது சரிகையின் எடையில். சேலையின் எடையில் அன்று. 800 கிராம் எடையுள்ள ஒரு சேலையில் 200 கிராம் சரிகை இருப்பதாகக் கொள்வோம். தங்கம் 200 கிராமில் 0.5%, அதாவது 1 கிராம். சேலையின் மொத்த எடையை நூறாக வைத்து 4 கிராம் என்று எதிர்பார்ப்பவர் நான்கு மடங்கு ஏமாறுவார். வெள்ளிக்கும் இதே கதிதான்: 200 கிராம் சரிகையில் 80 கிராம் வெள்ளி, அது சரிகையில் 40%, சேலையில் 10%. ஒரே 80 கிராமுக்கு இரண்டு விழுக்காடுகள், இரண்டும் சரியே. எதில் என்று சொல்லாத விழுக்காடு பொருளற்றது. பழைய பட்டுச் சேலையைச் சரிகைக்காக விற்கப்போகிறவர்கள் விலை பேசும் முன் இந்த ஒன்றையாவது கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

கச்சாப் பட்டும் வெந்த பட்டும்

பட்டுப்புழு கூடு கட்டும்போது இரண்டு பொருள்களைச் சுரக்கிறது. ஒன்று இழையாகும் ஃபைப்ராயின். மற்றொன்று இழைகளை ஒட்டும் பசையான செரிசின். கச்சாப் பட்டுக்குச் சாயம் ஏற்றும் முன் அதைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசையை நீக்குவர். அப்போதுதான் பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வரும். இதில் எடை ஏறத்தாழக் கால் பங்கு குறையும்.

4 கிலோ கச்சாப் பட்டு வேகவைக்கக் கொடுக்கப்பட்டது, 3 கிலோ 40 கிராம் திரும்பி வந்தது என்றால் எடை இழப்பு எத்தனை விழுக்காடு? இழப்பு 960 கிராம். கொடுத்த எடையே முழுமை.

100 : அ = 4,000 : 960
அ = 96,000 ÷ 4,000 = 24

24% இழப்பு இயல்பானது. கணக்குப் போடாமல் தராசை மட்டும் பார்த்தால் ஒரு கிலோ அளவுக்குப் பட்டு காணாமல் போனது போலத் தோன்றும். நேர்மையான சாயப் பட்டறைக்காரர் மேல் வீண்பழி விழும். மாறாக 4 கிலோவுக்கு 2 கிலோ 600 கிராம்தான் திரும்பியது என்றால் இழப்பு 35% ஆகிறது. அப்போது கேட்க வேண்டியதுதான்.

கடினமான கேள்வி எதிர்த்திசையில் வருகிறது. எடை இழப்பு 25% எனக் கொண்டால், 2.4 கிலோ வெந்த பட்டு வேண்டுமானால் எவ்வளவு கச்சாப் பட்டு வாங்க வேண்டும்? பெரும்பாலோர் 2.4 கிலோவில் 25% ஆகிய 0.6 கிலோவைச் சேர்த்து 3 கிலோ என்று சொல்வர். ஆனால் 3 கிலோவை வேகவைத்தால் கிடைப்பது 2.25 கிலோவே, 150 கிராம் போதாது. தறியில் பாதி நெய்த பிறகு நூல் தீர்ந்தால், மறுமுறை ஏற்றும் சாயம் முன்னதோடு அப்படியே பொருந்துவது அரிது.

பிழை எங்கே? இழப்பு 25% என்பது கச்சாப் பட்டில். ஆகவே 100க்கு நேராக நிற்பது கச்சாப் பட்டு; அதுதான் இங்கே தெரியாதது. வெந்த பட்டு 75க்கு நேரானது.

100 : 75 = அ : 2.4
75 × அ = 240
அ = 3.2 கிலோ

சரிபார்க்க, 3.2 கிலோவில் 25% ஆகிய 0.8 கிலோவைக் கழித்தால் 2.4 கிலோ வருகிறது. நூறில் கால் பங்கு போனால் எழுபத்தைந்து. எழுபத்தைந்தை மீண்டும் நூறாக்க அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். போன வழியும் வந்த வழியும் ஒரே விழுக்காட்டில் அமையா.

பிடித்தம் போகக் கூலி

நெசவாளர் ஒருவரின் கூலியில் ரூபாய்க்கு 8 காசு சேமிப்புக்காகப் பிடிக்கப்படுகிறது என்று கொள்வோம். ரூபாய்க்கு நூறு காசு ஆதலால் இது 8%. பிடித்தம் போக அவர் கையில் ரூ. 4,600 கிடைத்தது. முழுக் கூலி எவ்வளவு? 'போக' என்ற சொல் வந்துவிட்டது. ஆகவே 4,600 என்பது 92க்கு நேர்.

92 : 100 = 4,600 : அ
அ = 4,60,000 ÷ 92 = 5,000

முழுக் கூலி ரூ. 5,000; பிடித்தம் ரூ. 400. கையில் கிடைத்த 4,600க்கே 8% கண்டு சேர்த்தால் 4,968 என்று வரும். வேறுபாடு 32 ரூபாய்தான். ஆனால் ஒவ்வொரு சேலைக்கும் 32 ரூபாய் என்று ஓராண்டு தொடர்ந்தால், சேமிப்புப் புத்தகத்தில் இருக்க வேண்டிய தொகையைத் தாமே குறைத்து மதிப்பிட்டவர் ஆவார். புத்தகத்தில் குறைவாக எழுதப்பட்டிருந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகும்.

தள்ளுபடியும் வரியும்

1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் தீபாவளியை ஒட்டி 30% வரை தள்ளுபடி அறிவிப்பது வழக்கம். பட்டுச் சேலைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5%. விலைச் சீட்டில் ரூ. 12,000 என்றுள்ள சேலைக்கு 30% தள்ளுபடி தந்து, எஞ்சிய விலையின் மேல் வரி சேர்ப்பதாகக் கொண்டால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

30 கழித்து 5 கூட்டினால் 25% குறைவு, எனவே ரூ. 9,000 என்பது அவசர விடை. ஆனால் இரண்டு விழுக்காடுகளும் ஒரே முழுமையில் கணிக்கப்படவில்லை. தள்ளுபடிக்கு முழுமை சீட்டு விலை. வரிக்கு முழுமை தள்ளுபடி போன விலை. ஆகவே இரண்டு விகித சமங்கள் தேவை.

100 : 70 = 12,000 : அ; அ = 8,400
100 : 105 = 8,400 : அ; அ = 8,820

கொடுக்க வேண்டியது ரூ. 8,820. இது 12,000இல் 73.5%. ஆகவே உண்மையான குறைவு 26.5%. மொத்த விலைக்கு வரியை முதலில் சேர்த்து, பிறகு 30% கழித்தாலும் 8,820தான் வரும். பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது.

வரி விகிதமே மாறும்போது குழப்பம் இன்னும் கூடும். ஜவுளிகளுக்கு 5% ஆக இருந்த வரியை 2022 ஜனவரி 1 முதல் 12% ஆக உயர்த்த முடிவாகியிருந்தது. நெசவாளரும் வணிகரும் எதிர்த்தனர். 2021 டிசம்பர் 31 அன்று கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் அதைத் தள்ளி வைத்தது. அந்த உயர்வு நடைமுறைக்கு வந்திருந்தால் எத்தனை விழுக்காடு உயர்வு என்று சொல்வது? ரூ. 10,000 மதிப்புள்ள சேலையை எடுத்துக்கொண்டால் வரி ரூ. 500இலிருந்து ரூ. 1,200 ஆகியிருக்கும். வரித்தொகையைப் பழைய வரியோடு ஒப்பிட்டால் 500 : 700 = 100 : அ; அதாவது 140% உயர்வு. வாங்குபவர் கொடுக்கும் தொகையை ஒப்பிட்டால் ரூ. 10,500 என்பது ரூ. 11,200 ஆகிறது. 10,500 : 700 = 100 : அ; சுமார் 6.67% உயர்வு. 12இலிருந்து 5ஐக் கழித்து வரும் 7ஐ '7 விழுக்காட்டுப் புள்ளிகள்' என்று சொல்வதே முறை. 140, 6.67, 7 மூன்றும் உண்மை. ஒருவர் எதை எடுத்துப் பேசுகிறார் என்பது அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. செய்தித்தாள் படிக்கும் மாணவர் மூன்றையும் போட்டுப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

நேராகக் கூட்டக்கூடாத இடங்கள்

வெள்ளி விலை 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் பழைய விலைக்கு வந்துவிடாது. 100 முதலில் 120 ஆகும். இறங்கும்போது நூறாக நிற்பது 120. அதில் 20% ஆகிய 24 குறைந்து 96 ஆகும்.

விழுக்காடுகளின் சராசரியும் இப்படித்தான். 40% வெள்ளியுள்ள 300 கிராம் சரிகையையும் 20% வெள்ளியுள்ள 100 கிராம் சரிகையையும் சேர்த்தால் மொத்தத்தில் வெள்ளி 30% அன்று. முதலாவதில் 120 கிராம், இரண்டாவதில் 20 கிராம், ஆக 400 கிராமில் 140 கிராம். 400 : 140 = 100 : அ என்பதிலிருந்து 35% கிடைக்கிறது. எடைகள் சமமாக இருந்தால் மட்டுமே 30% சரி.

முறையின் பழமை

தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் காணும் இம்முறை இந்தியக் கணிதத்தில் திரைராசிகம் எனப்பட்டது. கி.பி. 499இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்திலும், 1150இல் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியிலும் இது இடம்பெறுகிறது. வட்டியை நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும் கணக்குகளும் லீலாவதியில் உண்டு.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் விழுக்காட்டின் வேலையைக் கீழ்வாய் எண்கள் செய்தன. காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அந்த மரபைச் சேர்ந்தவை. ஒரு மா என்பது 1/20, அதாவது 5%. இருமா 10%, மும்மா 15%, நான்மா 20%. காணி 1/80 ஆதலால் 1.25%. மாவும் காணியும் சேர்ந்த மாகாணி 1/16, அதாவது 6.25%. இன்று பட்டுச் சேலைக்கு விதிக்கப்படும் 5% வரியைப் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் 'ரூபாய்க்கு ஒரு மா' என்று மனத்தாலேயே போட்டிருப்பார்: விலையை இருபதால் வகுக்க வேண்டியதுதான்.

பயிற்சிக் கணக்குகள்

ஒரு சேலையில் 180 கிராம் சரிகை உள்ளது. சரிகையில் வெள்ளி 40% எனில் வெள்ளியின் எடை என்ன? (72 கிராம்)

5% வரி உட்பட ஒரு சேலையின் விலை ரூ. 15,750. வரி எவ்வளவு? (105க்கு 5 என்ற விகிதத்தில் ரூ. 750. 15,750இல் 5% கண்டு ரூ. 787.50 என்று எழுதுவது தவறு.)

242 கிராம் சரிகையைச் சோதித்ததில் 84.7 கிராம் வெள்ளி இருந்தது. 40% இருக்க வேண்டும் என்றால், வெள்ளி எத்தனை விழுக்காடு உள்ளது? இருக்க வேண்டிய வெள்ளியில் எத்தனை விழுக்காடு குறைகிறது? (35% உள்ளது. இருக்க வேண்டியது 96.8 கிராம், குறைவு 12.1 கிராம், அது 12.5%. இரண்டாம் கேள்விக்கு 5% என்று விடை எழுதியவர், நூறுக்கு நேராக எது நிற்கிறது என்று மீண்டும் பார்க்க வேண்டும்.)